ஓஷன் எல்லிஸ்: குரலோடு சேர்த்துக் கேட்கவேண்டிய ஹார்ப்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ஹார்ப் (தோளில் சாய்த்து மீட்டும் பெரிய தந்திக் கருவி) கலைஞர் என்று உலகம் அறிந்த ஓசியன் எல்லிஸ், வேல்ஸ் நாட்டுப்புறப் பாடல்களையும் பாடியவர் என்று நண்பர் ஒருவர் படித்திருக்கிறார். அவருடைய தொடக்க காலம் எப்படி அமைந்தது, வெல்ஷ், ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளில் இயங்கியது அவருக்குத் துணையாக இருந்ததா, சுமையாக இருந்ததா என்று கேட்கிறார்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்தால் ஓசியன் என்றுதான் படிக்கத் தோன்றும். வெல்ஷ் மொழியில் அந்த இடத்தில் 'ஷ' ஒலி வரும். ஓஷன் என்பதே ஊரார் அழைக்கும் முறை. தமிழில் எழுதும்போது ஆங்கிலேயரின் தவறையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதால் நான் ஓஷன் என்றே எழுதுகிறேன்.

அடுத்து, கேள்வியில் இருக்கும் ஓர் 'உம்' எனக்கு நெருடுகிறது. 'பாடல்களையும் பாடியவர்' என்கிற அந்த 'உம்'. இசைக்குழுக் கலைஞர் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஊர்ப்பாட்டு பாடினார் என்கிற தொனி அதில் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதும் பெரும்பாலும் இதே தொனிதான். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. எல்லிஸின் காது முதலில் பாட்டுக்காரரின் காது. ஒரு மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு மெட்டை வாயால் பாடும் வேல்ஸ் பழக்கத்தில் பழகியவர் அவர். பிற்காலத்தில் லண்டனில் அவருக்குக் கிடைத்த இடத்தை அந்தப் பழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. இது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எல்லிஸ் பிறந்தது 1928 பிப்ரவரி 8-ல், வடகிழக்கு வேல்ஸில், டீ ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஃபன்னன்க்ரோயு என்ற சிற்றூரில். பெயரின் பொருள் தெளிந்த ஊற்று. ஊரின் வாழ்வு என்னவோ நிலக்கரியை நம்பித்தான் இருந்தது. பக்கத்திலேயே பாயின்ட் ஆஃப் ஏர் சுரங்கம். தந்தை மெதடிஸ்ட் போதகர். அந்தச் சபை தன் போதகர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றிவிடும். ஆகவே வடக்கு வேல்ஸ் முழுவதுமே பிள்ளையின் சொந்த ஊர் மாதிரி. தாய் இசையில் ஈடுபாடு கொண்டவர். வீட்டு மொழி வெல்ஷ், ஜெப மொழி வெல்ஷ், பாட்டு மொழி வெல்ஷ். படிப்பு டென்பி நகரத்து கிராமர் பள்ளியில்.

போதகர் வீட்டில் ஹார்ப் என்பது இன்று கேட்பதற்கு இயல்பாக இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அப்படியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸை உலுக்கிய மெதடிஸ்ட் மறுமலர்ச்சிக்கு ஹார்ப் என்றாலே சத்திரம், ஆட்டம், குடி. மன்னரின் ஹார்ப் கலைஞராக இருந்த எட்வர்ட் ஜோன்ஸ், 1802-ல் வெளியிட்ட தம் தொகுப்பில், இந்தப் பிரசங்கிகளால் நாட்டுப் பாட்டும் ஆட்டமும் அழிகின்றன என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். அப்படி விரட்டப்பட்ட கருவி ஐந்தாறு தலைமுறைகளுக்குள் மெதடிஸ்ட் போதகர் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இடையில் அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் நாடோடி ரோமா மக்களும் உண்டு. ஆப்ரம் வுட் என்பவரின் வழிவந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஹார்ப் வாசித்து, பண்ணைக்குப் பண்ணை மெட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இனி அந்தப் பாட்டு முறை. இதை விளக்காமல் எல்லிஸைப் பற்றிப் பேசுவது வீண்.

வெல்ஷ் மொழியில் இதற்குக் கெர்த் டான்ட் என்று பெயர். பெனில்லியன் பாடுவது என்றும் சொல்வார்கள். டான்ட் என்றால் தந்தி. ஒலி ஒற்றுமை தற்செயல் அல்ல. நம்முடைய 'தந்தி' வடமொழி வழி வந்த சொல்; வடமொழிச் சொல்லும் வெல்ஷ் சொல்லும் 'இழுத்துக் கட்டுதல்' என்ற பொருளுள்ள ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஐயாயிரம் மைல் இடைவெளியில் ஒரே சொல் இப்படி எதிர்ப்படும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்ன மகிழ்ச்சி.

முறை இதுதான். ஹார்ப் ஒரு பழைய மெட்டை வாசிக்கத் தொடங்கும். பாடுபவர் சும்மா இருப்பார். சில அடிகள் போன பிறகு நடுவில் நுழைவார். நுழைந்து அந்த மெட்டைப் பாடமாட்டார். அதனோடு இசைந்துபோகும் வேறொரு மெட்டில், ஒரு கவிதையைப் பாடுவார். ஓர் அசைக்கு ஒரு சுரம், இழுப்பு கிடையாது. ஹார்ப் தன் போக்கில் சுற்றிச் சுற்றி வரும், பாட்டு அதன் மேல் தனியாக நடக்கும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். சட்டம் மொத்தமே இவ்வளவுதான்: சேர்ந்து தொடங்கக் கூடாது, சேர்ந்து முடிக்க வேண்டும்.

நான் முதன்முறை கேட்டபோது பாடுபவர் தாளத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டபோதும் அப்படித்தான். மூன்றாம் முறை முடிவை மட்டும் கவனித்தேன். குரலும் தந்தியும் கதவின் இரு பலகைகள் போலச் சரியாக வந்து மூடிக்கொண்டன. அதன் பிறகுதான் கணக்கு புரிந்தது. பாடுபவர் எங்கே நுழைவது என்பதைப் பின்னாலிருந்து எண்ணுகிறார். கவிதைக்கு எத்தனை அடி, மெட்டுக்கு எத்தனை சுற்று, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தை முன்னால் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். கவிதையும் எளிதான கவிதை அல்ல. பழைய யாப்பில், அடிக்குள்ளேயே மெய்யெழுத்துகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் கட்டுப்பாடான எதுகை மோனைகளோடு எழுதப்பட்டவை பல. சொல்லின் அழுத்தம் ஹார்ப்பின் அழுத்தத்தோடு மோதிவிட்டால் கேட்பவர் முகம் சுளிப்பார்.

பழைய நாட்களில் எந்த மெட்டு வரப்போகிறது என்பதுகூடப் பாடுபவருக்குத் தெரியாது. ஹார்ப் கலைஞர் ஏதோ ஒன்றை எடுப்பார். பாடுபவர் அந்த நொடியில் மனத்திலிருக்கும் கவிதைகளில் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து உள்ளே குதிக்க வேண்டும். பண்ணை வீட்டுக் கணப்பைச் சுற்றி நடந்த போட்டி அது. 1934-ல் கெர்த் டான்ட் சங்கம் அமைந்த பிறகு விதிகள் எழுதப்பட்டன, பாடங்கள் அச்சாயின, முன்னதாகவே தயாரித்துக்கொண்டு வந்து பாடும் வழக்கம் வேரூன்றியது. எல்லிஸ் வளர்ந்தது இந்த இரண்டு காலங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த சமயத்தில்.

இதில் பொதுவாக இருவர் வேண்டும். எல்லிஸ் இரண்டையும் ஒருவராகவே செய்தார். கை ஒரு மெட்டில், குரல் இன்னொன்றில். கற்பனை செய்து பார்க்க வேண்டுமானால், வழக்கமான பாட்டுக்குக் கிட்டார் மீட்டுகிறவரை நினைக்காதீர்கள். அவர் பாட்டுக்குக் கீழே சுரக்கொத்துகளைப் பரப்புகிறார். குரல் போகும் இடத்துக்குக் கை பின்தொடர்கிறது. இங்கே யாரும் யாரையும் பின்தொடர்வதில்லை.

ஹார்ப்பில் அவருக்கு வழிகாட்டியவர் அல்வீனா ராபர்ட்ஸ். வேல்ஸில் ஹார்ப் கலைஞர்களுக்கு ஊரையோ வட்டாரத்தையோ சேர்த்துப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. இவருக்கு 'யாலின் ஹார்ப் கலைஞி' என்று பொருள்படும் பெயர். அதே தலைமுறையில் இன்னும் பெரிய பெயர் நான்சி ரிச்சர்ட்ஸ், மால்ட்வின் வட்டாரத்தின் ஹார்ப் கலைஞி. அவரை இங்கே சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1888-ல் பண்ணை வீட்டில் பிறந்து, 1908 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, வேல்ஸின் கவிதை, இசைப் போட்டித் திருவிழாவான தேசிய ஐஸ்டெத்வோட் விழாவில் மூவரிசை ஹார்ப் போட்டியில் வென்றவர். லண்டனில் இசை படிக்கப் போய் விரைவிலேயே அலுத்து, கேளிக்கை அரங்குகளில் வாசித்தார், அமெரிக்காவும் சுற்றினார். காலை உணவு தானியம் தயாரித்த கெல்லாக் குடும்பத்தாரிடம், உங்கள் பெயர் எங்கள் மொழியில் சேவலைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கிறதே என்று சொல்ல, பெட்டியில் சேவல் படம் வந்தது என்று ஒரு கதை. வேல்ஸில் அதை எல்லோரும் சொல்வார்கள். நம்புகிறவர்களை நான் தடுப்பதில்லை.

நான்சி தோளில் சாய்த்த கருவி மூவரிசை ஹார்ப். தந்திகள் மூன்று வரிசையாக இருக்கும். வெளிவரிசைகள் இரண்டும் ஒரே சுரங்கள், நடுவரிசையில் இடைச்சுரங்கள், விரலை இடுக்கி உள்ளே விட்டு மீட்ட வேண்டும். இடத் தோளில் சாய்ப்பது வேல்ஸ் மரபு. எல்லிஸ் பிடித்துக்கொண்டது வேறு வழி: பெடல் ஹார்ப், வலத் தோள், இசைக்குழுவின் கருவி. இதை வைத்து அவர் நாட்டுப்புற மரபை விட்டு விலகினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. கருவியை வைத்து மரபை அளப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர் கையில் பெடல் ஹார்ப் பெனில்லியனுக்குத் துணை நின்றது, அதுவே போதும்.

1940-களின் பிற்பாதியில் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக். அங்கே ஆசிரியர் குவென்டலின் மேசன், அவரும் வேல்ஸ்காரர்தான். இவரிடம் ஒரு சங்கிலி தொடங்குகிறது. பிரிட்டன் 1942-ல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது, கப்பலில் ஹார்ப் பற்றிய பாடநூல்களைப் படித்துக்கொண்டே 'எ செரிமனி ஆஃப் கரோல்ஸ்' என்ற படைப்பை எழுதத் தொடங்கினார். குரல்களும் ஒற்றை ஹார்ப்பும் மட்டும். அதே ஆண்டு டிசம்பரில் நார்விச் கோட்டையில் அதன் முதல் அரங்கேற்றத்தில் ஹார்ப் வாசித்தவர் மேசன். மறு ஆண்டு அதைச் சிறுவர் குரல்களில் முதலில் பாடியவர்கள் ஸ்வான்சிக்குப் பக்கத்து மோரிஸ்டன் சிறுவர் பாடகர் குழு. ஆக, எல்லிஸ் பிரிட்டனைச் சந்திப்பதற்கு வெகு காலம் முன்பே அந்த இசைக்கும் வேல்ஸுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏற்பட்டிருந்தது.

பெடல் ஹார்ப் வாசித்துக்கொண்டே பாடுவது என்ன வேலை என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 47 தந்திகள். ஏழு சுரங்களுக்கு ஏழு பெடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். ஒரு பெடலை மிதித்தால் அந்தச் சுரத்தின் தந்திகள் எல்லா ஸ்தாயிகளிலும் அரைச் சுரம் ஏறும். இடதுகால் மூன்றைப் பார்த்துக்கொள்ள, வலதுகால் நான்கைப் பார்த்துக்கொள்ளும். சிவப்புத் தந்தி 'சி' சுரம், கறுப்புத் தந்தி 'எஃப்'. நடுவில் உள்ளவற்றைக் கண் தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும். சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கருவி தோளில் சமநிலையில் நிற்கும். இப்போது பாடுங்கள். மூச்சை எடுக்கும் உடம்பு அசையக் கூடாது, ஏனென்றால் அதன் மேல் கருவி சாய்ந்திருக்கிறது. பெடலை மாற்றும் நொடியில் கால் இறுகும். அந்த இறுக்கம் குரலுக்கு ஏறக் கூடாது. பார்வை தந்தியில் இருந்தால் சொல் சபைக்குப் போகாது. எல்லிஸின் பழைய பதிவுகளில் இந்தச் சிரமம் எதுவுமே கேட்காது. பெரிய குரல் இல்லை அவருக்கு. மேடைப் பாடகரின் முழக்கம் கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து கதை சொல்கிறவரின் குரல். சொல் ஒவ்வொன்றும் தனியாக விழும்.

1950-கள் அவருக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்த காலம். வானொலி, தனிக் கச்சேரி, அறை இசை. அவற்றில் எனக்குச் சுவையாகப் படுவது கவிதையும் இசையும் சேர்ந்த மேடை நிகழ்ச்சிகள். நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட், கவிஞர் செசில் டே லூயிஸ், நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன், பாடகர் பால் ராப்சன் போன்றவர்களோடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் மேடை ஏறியிருக்கிறார். அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் தற்செயலானவை அல்ல. பர்ட்டன் தென் வேல்ஸ் சுரங்கக் குடும்பத்தின் பன்னிரண்டாவது பிள்ளை, வெல்ஷ் பேசி வளர்ந்தவர். ராப்சன் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரானாலும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சுக்கு நெருக்கமானவர். அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தபோது, 1957-ல் போர்த்கால் நகரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் ஐஸ்டெத்வோட் விழாவுக்கு அவர் தொலைபேசிக் கம்பி வழியாகவே பாடினார்.

பேச்சுக்கு அருகில் ஹார்ப் வாசிப்பது என்பது அடக்கம் கற்றுத்தரும் வேலை. சொல் முடியும் இடத்தை முன்கூட்டியே உணர வேண்டும். பெனில்லியன் பழகியவருக்கு அது புதிதல்ல.

இதே பத்தாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாட்டை வெளியுலகுக்குக் கொண்டுபோன இன்னொருவர் மெரெடித் எவான்ஸ். 1954-ல் அமெரிக்காவில் ஃபோக்வேஸ் நிறுவனம் அவர் குரலில் வேல்ஸ் நாட்டுப் பாடல்களை வெளியிட்டது. துணைக் கருவியே இல்லாமல் பாடினார் அவர். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மண்ணிலிருந்து இரண்டு பேர் எவ்வளவு வேறு வேறு பொருள்களை எடுத்துச் செல்ல முடியும் என்பது தெரியும். எவான்ஸ் கொண்டுபோனது வயலில் பாடும் குரல். எல்லிஸ் கொண்டுபோனது கூடத்தில் பாடும் குரல்.

இப்போது மொழிக்கு வருகிறேன். எல்லிஸின் குழந்தைப் பருவத்தில், 1931 கணக்கெடுப்பின்படி, வேல்ஸில் நூற்றுக்கு 37 பேர் வெல்ஷ் பேசினார்கள். 1951-ல் 29. 1961-ல் 26. அவர் தொழிலில் ஏறிய ஒவ்வொரு படிக்கும் அவருடைய மொழி ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரான தடுப்புகளும் அதே காலத்தில் எழுந்தன. 1950-ல் கேர்ஃபிலி விழாவிலிருந்து தேசிய ஐஸ்டெத்வோட் மேடையில் வெல்ஷ் மட்டுமே என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் மொழியின் எதிர்காலம் பற்றி ஆற்றிய வானொலி உரை ஓர் இயக்கத்தையே பிறப்பித்தது. அன்றைய லண்டன் வேறு உலகம். அங்கே மேடை என்றால் ஆங்கில மேடை, நிகழ்ச்சி நிரலில் மொழிபெயர்ப்பு அச்சிட்டாக வேண்டும்.

எல்லிஸ் இந்த இரண்டுக்கும் நடுவே மல்லுக்கட்டியதாக எனக்குத் தெரியவில்லை. மொழிப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் அல்லர் அவர். ஆனால் லண்டன் சபைக்காகத் தன் பாட்டை ஆங்கிலத்தில் கரைத்துவிடவும் இல்லை. வெல்ஷ் பாட்டை வெல்ஷிலேயே பாடினார். ஆங்கிலப் பாட்டை ஆங்கிலத்தில் பாடினார். பெனில்லியனை மட்டும் மொழிபெயர்த்துப் பாடுவதில் அர்த்தமில்லை, அது வெல்ஷ் யாப்போடு ஒட்டிப் பிறந்தது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்தான் நல்ல இருமொழியாளர்: எது கடந்துபோகும், எது கடக்காது என்பது அவருக்கு நாக்கிலேயே தெரியும். பின்னாளில் வெல்ஷ் பாடல்களுக்கு ஆங்கில வரிகள் அமைக்க வேண்டிவந்தபோது, சுரத்தின் அழுத்தமும் சொல்லின் அழுத்தமும் ஒரே இடத்தில் விழும்படி செய்ய அந்த நாக்குதான் உதவியிருக்கும்.

சுமை இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் வேறு விதமாக. வேல்ஸ் கலைஞர் மேடையேறினால் லண்டன் சபை எதிர்பார்ப்பது ஒரு காட்சிப்பொருளை: உயரத் தொப்பி, சிவப்புச் சால்வை, மூடுபனி, பழைய சோகம். ஹார்ப் என்ற கருவியே அந்தப் படத்துக்குள் எளிதாக விழுந்துவிடும். அதிலிருந்து தப்பிக்கும் வழி மிகக் கறாரான இசைஞனாக இருப்பது. எல்லிஸ் அப்படி இருந்தார்.

அதற்கான சான்றுகள் வேகமாகக் குவிந்தன. அலன் ஹொடினாட் என்ற இளம் வேல்ஸ் இசையமைப்பாளர் 1957-ல் எழுதிய ஹார்ப் கான்செர்ட்டோ (ஹார்ப்பை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) எல்லிஸுக்கானது. ஹாண்டலின் ஹார்ப் கான்செர்ட்டோவை லண்டன் ஃபிலோமியூசிகா குழுவோடு பதிவு செய்தார். அந்தப் படைப்பு 1736-ல் லண்டனில் முதலில் ஒலித்தபோது வாசித்தவர் பவல் என்ற வேல்ஸ் ஹார்ப் கலைஞர் என்பதை நினைத்தால், லண்டனுக்கு வேல்ஸிலிருந்து ஹார்ப் வருவது இருநூறு ஆண்டு வழக்கம் என்று தெரியும். 1959-ல் தன் ஆசிரியை மேசன் இருந்த இடத்தில் ராயல் அகாடமியின் ஹார்ப் பேராசிரியர். அப்போது வயது 31. 1961-ல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்தார்.

மெலோஸ் என்ற அறை இசைக் குழுவோடு செய்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் படைப்புப் பதிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இன்ட்ரொடக்‌ஷன் அண்ட் அலெக்ரோ' பிறந்த கதை வேடிக்கையானது. 1904-ல் ப்ளேயல் நிறுவனம் தன் பெடல் இல்லாத புது ஹார்ப்புக்காக இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான டெபுசியை எழுதவைத்தது. போட்டிக்கு எரார் நிறுவனம் தன் பெடல் ஹார்ப்பின் பெருமையைக் காட்ட 1905-ல் ராவெலைப் பிடித்தது. விளம்பரத்துக்கு எழுதியது அழியாத இசையாகிவிட்டது, ப்ளேயலின் கருவி வழக்கொழிந்தது. ஹார்ப், புல்லாங்குழல், கிளாரினெட், நான்கு தந்திக் கருவிகள் என ஏழு பேர் வாசிக்கும் அந்தப் படைப்பில் ஹார்ப் கலைஞர் கொஞ்சம் மினுக்கினாலும் மற்ற ஆறு பேர் பின்புலமாகிவிடுவார்கள். எல்லிஸ் மினுக்கவில்லை. நீண்ட தனிப்பகுதியில்கூட யாருக்கோ வழிவிட்டு வாசிப்பது போலவே வாசிக்கிறார். அந்தப் பதிவு பிரான்சின் கிராண்ட் பிரி து டிஸ்க் பரிசு பெற்றது.

பிரிட்டனோடு தொடர்பு ஏற்பட்டதும் 1950-களின் இறுதியில்தான். முன்பு ஆசிரியை அரங்கேற்றிய அதே கரோல் படைப்பின் வழியாக. 1962 மே மாதம் காவென்ட்ரியில் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' என்ற பெரிய படைப்பு அரங்கேறியபோது அதன் சிறு இசைக்குழுவாக அமர்ந்தது மெலோஸ் குழு. அந்த இடத்தில் தொடக்க காலம் முடிந்துவிட்டது என்று கோடு போடலாம். இருந்தாலும் கோட்டுக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் முதலில் சொன்ன கருத்து நிற்கும்.

1973-ல் இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது பிரிட்டனுக்குச் சிறு பக்கவாதம் ஏற்பட்டது. வலக்கை முன்போல இயங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடகர் பீட்டர் பியர்ஸுக்குப் பியானோ வாசித்தவர் அவர். இனி முடியாது. வேறொரு பியானோக் கலைஞரைத் தேடுவதே எவருக்கும் தோன்றக்கூடிய வழி. பிரிட்டன் பியானோவையே விலக்கிவிட்டு, பியர்ஸின் குரலுக்கு எல்லிஸின் ஹார்ப்பை வைத்து எழுதினார்: 1974-ல் கேன்டிக்கிள் என்ற அவருடைய பாடல் வரிசையில் ஐந்தாவது, 1975-ல் ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகள், 1976-ல் எட்டு நாட்டுப் பாடல்கள். அந்த எட்டில் இரண்டு வேல்ஸ் பாடல்கள். ஒன்று 'வெண்பாறை தாவீது'. சாகும் தறுவாயில் படுக்கையிலேயே ஹார்ப்பைக் கேட்டு வாங்கி வாசித்ததாகச் சொல்லப்படும் பதினெட்டாம் நூற்றாண்டு இளைஞரின் பெயரில் வழங்குவது. பாடகருக்குத் துணை வாசிக்கத் தெரிந்த ஹார்ப் கலைஞர்கள் லண்டனில் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். தாமே பாடகராக இருந்து, குரலுக்கு அடங்கிப்போகாமலும் குரலை மறிக்காமலும் தன் மெட்டில் தனியாக நடந்து, முடிவில் வந்து சேரும் ஹார்ப் கலைஞர் ஒருவர்தான் இருந்தார்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் முதலில் அவர் தானே மீட்டிப் பாடிய பெனில்லியன் ஒன்றைக் கேளுங்கள். புரியாவிட்டால் முடிவை மட்டும் கவனியுங்கள். அடுத்து ராவெல். பிறகு பிரிட்டன் 1969-ல் அவருக்காகவே எழுதிய ஹார்ப் தொகுப்பு. ஐந்து பகுதிகளில் கடைசிப் பகுதி ஒரு வேல்ஸ் ஞானப்பாட்டு மெட்டின் மேல் கட்டப்பட்ட மாறுபாடுகள். வேல்ஸில் அதை ஜோவானா என்பார்கள், இங்கிலாந்தில் செயின்ட் டெனியோ. 1839-ல் ஜெபக்கூடப் பாட்டுப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பு அது தெருவில் பாடிய நாட்டுப் பாட்டின் மெட்டு. கடைசி நிமிடத்தில் குரலே இல்லாமல் அது வரும். எனக்கு அங்கே ஒவ்வொரு முறையும், யாரோ நடுவில் நுழைந்து பாடப் போகிறார்கள் என்றே தோன்றும்.